சீட்டு போடும் முன் இதைப் படிங்க! காலேஜ் படிப்புக்கு அரசு பணம் இருக்கு: கைக்கு வராமல் போவது ஏன்?

மேலூர்,

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் திருவாதவூர். சங்கப் புலவர் கபிலருக்கும் இதுதான் சொந்த ஊர் என்று சொல்வார்கள். தமிழுக்கு இரண்டு பெரிய புலவர்களைக் கொடுத்த இந்த ஊரிலும், சுற்றி உள்ள கிராமங்களிலும் பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்றுதான். "மேலே படிக்க வைக்க பணத்துக்கு எங்கே போறது?"

கண்மாய் தண்ணியை நம்பி விவசாயம் பார்ப்பவர்கள், கொத்தனார், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், விடிகாலையில் மதுரைக்கு பஸ் ஏறி கடை வேலை பார்ப்பவர்கள் என்று உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள்தான் இங்கே அதிகம். நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோதான் பிள்ளையை காலேஜுக்கு அனுப்ப முடியும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள்.

ஆனால் விஷயம் அப்படி இல்லை. மாநில அரசும் மத்திய அரசும் தரும் உதவிகள் ஒன்றல்ல, பல இருக்கின்றன. அதில் பெரும்பாலானவை ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கின்றன. பிள்ளை எந்த வழியாக காலேஜில் சேர்ந்தது என்பதுதான் அது.

கவுன்சிலிங் வழியாக சேர்ந்தால் கதவு திறக்கும். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் பல கதவுகள் ஒரே நேரத்தில் மூடிவிடும். சீட்டு போட்ட பிறகு அழுது பிரயோஜனம் இல்லை. அதனால்தான் சொல்கிறோம், முதலில் உதவித்தொகை கணக்கு, அப்புறம்தான் சீட்டு.

புரோக்கர் வந்தால் உஷார்!

ரிசல்ட் வரும் நேரத்தில் கிராமங்களுக்குள் சில புரோக்கர்கள் வருவது உண்டு. "எங்க காலேஜில் சேர்த்து விடுங்க, லேப்டாப் தர்றோம், பஸ் இலவசம், முதல் வருஷம் பாதி பீஸ்தான்" என்று பேசுவார்கள். கையோடு மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினலையும் கேட்பார்கள்.

அங்கேதான் சிக்கல். இப்படி சேர்க்கும் சீட்டுகளில் பல, மேனேஜ்மெண்ட் கோட்டா சீட்டுகள். இரண்டாம் வருஷம் முழு பீஸ் கேட்கும்போது, "நாங்க முதல் பட்டதாரி ஆச்சே, ஸ்காலர்ஷிப் வருமே" என்று போய் நின்றால், "உங்களுக்கு கிடையாது" என்று பதில் வரும்.

எனவே யாராவது சீட்டு தருகிறேன் என்று சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள். "இது கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மெண்ட் சீட்டா?" பதிலை வாய் வார்த்தையாக வாங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். ஒரிஜினலை சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், காலேஜ்கள் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-ம் ஆண்டே அறிவித்து இருக்கிறது. காலேஜுக்கே அந்த உரிமை இல்லாதபோது புரோக்கருக்கு ஏது?

கணக்கு போட்டுப் பாருங்க

என்ஜினீயரிங் படிப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2017-ம் ஆண்டு கட்டண நிர்ணயக்குழு, தனியார் என்ஜினீயரிங் காலேஜில் கவுன்சிலிங் சீட்டுக்கு வருஷத்துக்கு ரூ.50 ஆயிரம் என்றும், மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு ரூ.85 ஆயிரம் என்றும் உச்சவரம்பு வைத்தது. தர அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு இது ரூ.55 ஆயிரம், ரூ.87 ஆயிரம்.

வித்தியாசம் வருஷத்துக்கு ரூ.35 ஆயிரம். 4 வருஷத்துக்கு ரூ.1 லட்சத்து 40 ஆயிரம். அதே வகுப்பு, அதே பெஞ்ச், அதே வாத்தியார். சேர்ந்த வழி மட்டும்தான் வேறு. இதற்கு மேல் கைவிட்டுப் போகும் உதவித்தொகையையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும்.

அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம்

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ம் ஆண்டு வந்தது. 2021-ம் ஆண்டு இது என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

இந்த ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் மூலம் இடம் கிடைத்தவர்களின் கல்விக்கட்டணம், விடுதிக்கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நமக்கு பக்கத்தில் யானைமலை ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மை கல்லூரிக்கும் இந்த ஒதுக்கீடு பொருந்தும்.

மதுரை மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். கள்ளர் சீரமைப்பு பள்ளி, ஆதிதிராவிடர் நல பள்ளி, மாநகராட்சி பள்ளி ஆகியவையும் இதில் அரசு பள்ளிகள்தான். "நம்ம பள்ளிக்கூடம் இதில் வராது" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

இடையில் ஒரு வருஷம் தனியார் பள்ளியில் படிக்க வைத்தால்கூட இந்த சலுகை சிக்கலாகிவிடும். இப்போது 8-ம் வகுப்பு, 9-ம் வகுப்பு படிக்கும் தம்பி, தங்கச்சி இருக்கும் வீடுகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ரூ.1,000

அரசு பள்ளியில் 6 முதல் பிளஸ்-2 வரை படித்து, பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேரும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் 2024-ம் ஆண்டு டிசம்பரில் இது நீட்டிக்கப்பட்டது.

மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி கோவையில் தொடங்கப்பட்டது. இதிலும் மாதம் ரூ.1,000-தான்.

மாதம் ரூ.1,000 என்றால் வருஷத்துக்கு ரூ.12 ஆயிரம். 3 வருஷ டிகிரிக்கு ரூ.36 ஆயிரம். பஸ் செலவு, புத்தகம், பரீட்சை பீஸ் எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும் தொகை.

"வேற ஸ்காலர்ஷிப் வாங்குறோமே, இது கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் இதைப் பெறலாம் என்பதே இந்த திட்டங்களின் விதி. தபால் வழியில் படிப்பவர்களுக்கு கிடையாது. காலேஜில் சேர்ந்ததும் இதற்கான பொறுப்பு ஆசிரியர் யார் என்று கேட்டு, இந்த ஆண்டுக்கான பதிவை செய்யச் சொல்லுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழ்

அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்காத வீட்டில் முதலாவதாக காலேஜ் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. என்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளில் கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால் கல்விக்கட்டணத்தில் சலுகை கிடைக்கும். 2010-ம் ஆண்டு முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

இந்த சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அதிகாரி, வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு தாலுகா அலுவலகத்தில் இருந்து வழங்கப்படும். திருவாதவூருக்கு மேலூர் தாலுகா அலுவலகம்தான்.

ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இந்த சலுகை. அக்கா வாங்கி இருந்தால் தம்பிக்கு கிடையாது. அதனால் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து படிக்கும் வீட்டில் கொஞ்சம் யோசித்து செய்யுங்கள். அக்கா அரசு கலைக்கல்லூரியில் சேருகிறார் என்றால் அவருக்கு இந்த சலுகை தேவைப்படாது. ஆனால் அவர் முதலில் பட்டம் வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு என்ஜினீயரிங் சேரும் தம்பியை முதல் பட்டதாரி என்று சொல்ல முடியாது.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தில் பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2½ லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும். தனியார் தொழிற்கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டில் சேர்ந்த மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதற்கு 2012-ம் ஆண்டு அரசாணை எண் 92 வெளியிடப்பட்டது. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் அது பொருந்தும்.

2018-ம் ஆண்டு மத்திய அரசு இந்த உதவித்தொகைக்கான நெறிமுறையை மாற்றியது. அதில் மேனேஜ்மெண்ட் கோட்டா மாணவர்களுக்கு இது கிடையாது என்று சொல்லப்பட்டது. புரோக்கர்கள் சொல்லாமல் மறைப்பது இதைத்தான்.

இன்னொரு முக்கிய மாற்றம். 2021-ம் ஆண்டு வந்த நெறிமுறைப்படி எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசு பங்கு, நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் காலேஜுக்கு கட்ட வேண்டிய பீசும் அடக்கம். "கவர்மெண்ட் நமக்கு பணம் போட்டிருக்கு" என்று வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால், அப்புறம் காலேஜில் பாக்கி நிற்கும். பணம் ஏறியதும் பீஸ் பங்கை கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

கையில் காசு இல்லாமல் எப்படி முதலில் சேருவது? அதற்காகத்தான் அதே நெறிமுறையில் 'பிரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடு உள்ளது. முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான அட்டை இது. மதுரை கலெக்டர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரித்துவிட்டு காலேஜுக்குப் போவது நல்லது.

பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்கள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் 3 வருஷ டிகிரி படித்தால், வருமான நிபந்தனை இல்லாமலே இலவச கல்வித் திட்டத்தில் உதவி உண்டு.

பாலிடெக்னிக், தொழிற்படிப்பு, முதுகலை படிப்பு என்றால் பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2½ லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

விண்ணப்பம் 'யூமிஸ்' எனப்படும் உயர்கல்வி இணையதளம் வழியாகத்தான். காலேஜில் சேர்ந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் யூமிஸ் எண் தரப்படும். அந்த எண்ணை குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜினீயரிங் மட்டும்தான் படிப்பு என்று இல்லை. மேலூரில் அரசு கலைக்கல்லூரி இருக்கிறது. மதுரையில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. வீட்டில் இருந்தே போய் வரலாம். மாணவிகளுக்கு சாதாரண கட்டண டவுன் பஸ்சில் 2021-ம் ஆண்டு முதல் டிக்கெட் கிடையாது. கடன் வாங்கி தனியாரில் சேர்ப்பதற்கு முன்பு இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

மத்திய அரசு உதவித்தொகை

தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில் பல திட்டங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. நம்ம பிள்ளைகளுக்கு பயன்படக்கூடிய சில:-

* பிளஸ்-2 தேர்வில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் ரூ.4½ லட்சத்துக்குள் இருந்தால், டிகிரி படிக்கும்போது வருஷத்துக்கு ரூ.12 ஆயிரம். பாதி இடங்கள் மாணவிகளுக்கு. இதில் இடங்கள் எண்ணிக்கை உண்டு. மார்க் அடிப்படையில்தான் தேர்வு.

* அகில இந்திய தொழில்நுட்ப கல்விக்குழுவின் பிரகதி திட்டம். டிப்ளமோ, என்ஜினீயரிங் சேரும் மாணவிகளுக்கு வருஷத்துக்கு ரூ.50 ஆயிரம். குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் 2 பெண்கள் வரை பெறலாம்.

* 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு சாக்ஷம் திட்டத்தில் அதே ரூ.50 ஆயிரம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு சுவநாத் திட்டம்.

இவை தானாக வராது. விண்ணப்பித்தால்தான் வரும். காலேஜ் திறந்த சில மாதங்களில் கடைசி தேதி முடிந்துவிடும். தீபாவளி கழித்து பார்த்துக்கலாம் என்று இருந்தால் ஒரு வருஷ பணம் போச்சு.

அப்பா-அம்மா அட்டைக்கும் பணம் உண்டு

கொத்தனார், சித்தாள், பெயிண்டர், எலக்ட்ரீசியன் வேலை பார்ப்பவர்கள் கட்டுமான தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கலாம். ஆட்டோ டிரைவர், தையல்காரர், சலவைத் தொழிலாளி என்று மற்ற தொழில்களுக்கும் தனித்தனி வாரியங்கள் உண்டு.

பல வீடுகளில் அட்டை பெட்டியில் இருக்கும். ஆனால் புதுப்பிக்காமல் காலாவதி ஆகி இருக்கும். ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்துப் பார்த்து புதுப்பித்துவிடுங்கள். பதிவு உயிரோடு இருந்தால்தான் பணம்.

சிறு, குறு விவசாயிகள், விவசாய கூலித்தொழிலாளர்களுக்கு 2011-ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் பிள்ளைகள் படிப்புக்கு உதவி சேர்க்கப்பட்டு இருக்கிறது. கிராம நிர்வாக அதிகாரியிடம் கேளுங்கள். வாரியத்திலும் உழவர் திட்டத்திலும் ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை வாங்க நினைக்காதீர்கள். எது அதிகம் தருகிறதோ அதை கேளுங்கள்.

தங்குவதற்கு அரசு விடுதி

வீட்டுக்கும் காலேஜுக்கும் 8 கிலோ மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால், வருமானம் ரூ.2½ லட்சத்துக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் இலவசமாக தங்கி சாப்பிட்டு படிக்கலாம். மாணவிகளுக்கு தூரக் கணக்கு கிடையாது. மதுரை நகருக்குள் படிக்கப் போகும் திருவாதவூர் பையன்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். தனியார் விடுதிக்கு கொடுக்கும் பணம் மிச்சம்.

எல்லாம் போக பற்றாக்குறையா? கல்விக்கடன்

வட்டிக்காரரிடம் போகும் முன் வங்கிக்குப் போங்கள். ரூ.7½ லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு சொத்து அடமானம் தேவை இல்லை என்பது வங்கிகளின் பொது திட்டம். ரூ.4 லட்சம் வரை கையில் இருந்து முன்பணமும் போட வேண்டியது இல்லை. பெற்றோர் ஒருவர் கூட்டாக கையெழுத்து போட வேண்டும்.

குடும்ப வருமானம் ரூ.4½ லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற காலேஜில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் சேரும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. வருமான சான்றிதழை வங்கியில் கொடுத்து இதை கேட்க வேண்டியது நீங்கள்தான்.

2024-ம் ஆண்டு நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்வு செய்யப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. இதிலும் மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு இடம் இல்லை.

வங்கியில் "இல்லை" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மதுரையில் சமீப ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகமும், எம்.பி. சு.வெங்கடேசனும், வங்கிகளும் சேர்ந்து கல்விக்கடன் முகாம்கள் நடத்தி இருக்கிறார்கள். அப்படி முகாம் அறிவித்தால் எல்லா நகல்களோடும் போய் நிற்க வேண்டும்.

ஆனால் கடன் கடன்தான். உதவித்தொகை எல்லாவற்றையும் கழித்த பிறகு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு மட்டும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

விண்ணப்பித்தும் பணம் வரலையா?

காரணம் பெரும்பாலும் சின்ன சின்ன விஷயம்தான்.

ஒன்று, வங்கிக் கணக்கு. பணம் வருவது மாணவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான். அப்பா கணக்கு செல்லாது. அந்தக் கணக்கில் ஆதார் இணைத்து, அரசு பணம் ஏறும்படி 'ஆதார் சீடிங்' செய்திருக்க வேண்டும். ஆதார் நகல் கொடுத்ததோடு இது முடிந்துவிடாது. "சீடிங் ஆகியிருக்கா?" என்று தனியாக கேளுங்கள். ஸ்கூலில் படிக்கும்போது ஆரம்பித்து, பயன்படுத்தாமல் முடங்கிப்போன கணக்காக இருந்தால் உயிர்ப்பித்துவிடுங்கள்.

இரண்டு, பெயர். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் இன்னொரு இனிஷியல், பாஸ் புக்கில் இனிஷியலே இல்லை என்றால் கம்ப்யூட்டர் ஏற்காது. லீவிலேயே திருத்திவிடுங்கள்.

மூன்று, வருமான சான்றிதழ். பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு இருந்தால் சிக்கல். இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டணத்தில் புதிதாக வாங்கலாம். ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். மே மாதமே போட்டுவிட்டால் நிம்மதி.

நான்கு, புதுப்பித்தல். முதல் வருஷம் வந்தது, இரண்டாம் வருஷம் வரவில்லை என்றால் 'ரினிவல்' செய்தீர்களா என்று பாருங்கள். பல உதவித்தொகைகளுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

இந்த போன் வந்தால் கட் பண்ணுங்க

"கல்வித்துறையில் இருந்து பேசுறோம். உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு. வாட்ஸ்அப்பில் வரும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வந்தால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ, ஓ.டி.பி. சொல்லவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு பேசுங்கள். எந்த உதவித்தொகைக்கும் "கமிஷன் கொடுத்தால் வாங்கித் தர்றேன்" என்பவரையும் நம்ப வேண்டாம்.

இப்பவே எடுத்து வைக்க வேண்டியவை

* சாதி சான்றிதழ்

* புது வருமான சான்றிதழ்

* முதல் பட்டதாரி சான்றிதழ் (தகுதி உள்ளவர்கள்)

* 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்ததற்கு பள்ளியில் வாங்கிய சான்று

* ஆதார், ரேஷன் கார்டு

* மாணவர் பெயரில், ஆதார் சீடிங் ஆன வங்கிக் கணக்கு

* அப்பா-அம்மாவின் வாரிய அட்டை

* எல்லாவற்றிலும் 5 நகல்

சந்தேகம் இருந்தால் முதலில் படித்த பள்ளிக்கூடத்துக்கே போங்கள். தலைமை ஆசிரியரும், வகுப்பு ஆசிரியரும் வழி சொல்வார்கள். கல்வி வழிகாட்டுதலுக்கு 14417 என்ற எண்ணும் இருக்கிறது. அரசு பள்ளி ஏழை மாணவர்களுக்கு, நடிகர் சூர்யா 2006-ம் ஆண்டு தொடங்கிய அகரம் அறக்கட்டளையின் 'விதை' திட்டம் போன்ற தனியார் உதவிகளும் உண்டு. அதற்கும் ரிசல்ட் வந்த உடனேயே விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளை நல்ல மார்க் வாங்கி இருக்கிறது. பணமும் அரசிடம் இருக்கிறது. நடுவில் நிற்பது நாலு சான்றிதழும், ஒரு அவசர கையெழுத்தும்தான். சான்றிதழை சீக்கிரம் வாங்குங்கள். கையெழுத்தை மட்டும் நிதானமாகப் போடுங்கள்.